கணக்கு எழுதி ஏற்று, கணக்குப் பார்த்து இறக்கு: மென்பொருள் பொதிகளின் வரலாறு

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலான பழைய கணினிகளை ஏற்பதில்லை. தீவகத்தில் இது சின்ன விடயமில்லை. இங்குள்ள பிள்ளைகளின் கையில் இருக்கும் மடிக்கணினிகளில் பல, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் உறவுகள் தாங்கள் பாவித்த பிறகு அனுப்பியவை. "இனி இதைக் குப்பையில் போடுவதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். போட வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். அந்தக் கணினிகளில் லினக்ஸ் ஓடும், தமிழிலும் ஓடும், காசும் தேவையில்லை.

பதில் அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் முப்பது வருட வரலாறு ஒன்று இருக்கிறது. ஒரு மென்பொருளைக் கணினிக்குள் கொண்டுவருவதும், வேண்டாதபோது சுத்தமாக வெளியே எடுப்பதும் எப்படி ஒழுங்குக்கு வந்தது என்ற வரலாறு. அது தெரிந்தால்தான், கடையில் யாரோ ஏற்றித் தரும் 'கிராக்' செய்த மென்பொருளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

பதிவில்லாத காலம்

1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். எவரும் பாவிக்கலாம், திறந்து படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற மென்பொருட்களை உருவாக்குவதுதான் நோக்கம். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தபோது முழுமையான ஓர் இயங்குதளம் கிடைத்தது.

ஆனால் அன்று ஒரு மென்பொருளை நிறுவுவது பெரும்பாடு. மூல நிரலைச் சுருக்கிய கோவையாக எடுத்து, விரித்து, நமது கணினிக்கு ஏற்றபடி அமைத்து, தொகுத்து, பிறகு அந்தந்த இடங்களில் வைக்க வேண்டும். பத்துக் கோவைகள் ஒரு கோப்புறைக்குள், இருபது இன்னொன்றுக்குள், நாலு வேறெங்கோ என்று சிதறிப் போகும். எது எங்கே போனது என்று கணினி தனியாக எழுதி வைக்காது. சில மென்பொருட்களின் ஆசிரியர்கள் அகற்றும் வழியையும் சேர்த்துத் தந்தார்கள். பலர் தரவில்லை.

ஆகவே நிறுவலாம், சரியாக அகற்ற முடியாது. புதிய பதிப்பைப் பழையதன் மேலேயே போட வேண்டும். பழையதின் மிச்சமும் புதியதும் ஒன்றோடொன்று மோதும். கடைசியில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி. நம்மவர்கள் "கொம்பியூட்டரை ஃபோர்மட் அடி" என்று சொல்வது ஏறக்குறைய அந்தக் காலத்து வைத்தியம்தான்.

ஒரு சிட்டை எழுதத் தொடங்கினார்கள்

1993 ஓகஸ்ட் 16 அன்று அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டொக் 'டெபியன்' திட்டத்தை அறிவித்தார். தன் பெயரையும் தன் துணைவியாகப் பின்னர் ஆன டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அதே 1993 இல் பற்றிக் வோல்கெர்டிங் 'ஸ்லாக்வெயர்' என்ற தொகுப்பை வெளியிட்டிருந்தார். அதிலும் பொதிகள் இருந்தன.

டெபியன்காரர்கள் 1994 இல் 'டிபிகேஜி' என்ற கருவியை உருவாக்கினார்கள். முதல் வடிவத்தை மர்டொக்கே எழுதினார். பிறகு இயன் ஜாக்சன் அதை சி மொழியில் திரும்ப எழுதினார். 1995 இல் ரெட் ஹட் நிறுவனத்தில் மார்க் யூவிங்கும் எரிக் ட்ரோனும் 'ஆர்பிஎம்' என்ற கருவியைச் செய்தார்கள். பெயர்கள் வேறு, அடிப்படை ஒன்று.

ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படும். பொதிக்குள் மென்பொருளோடு ஒரு சிட்டையும் இருக்கும். இதன் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, இதைப் பராமரிப்பவர் யார், இது வேலை செய்ய வேறு எவை வேண்டும், எவற்றோடு இது ஒத்துப்போகாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதியை நிறுவும்போது கணினி தன் பதிவேட்டில் அதை எழுதிக்கொள்ளும். எந்தெந்தக் கோவைகள் எந்தெந்த இடத்தில் வைக்கப்பட்டன என்ற பட்டியலும் அதில் சேரும். அகற்றச் சொன்னால், அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்கும்.

ஊர்காவற்றுறையில் வாழ்பவர்களுக்கு இது புதுமையில்லை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து யானைகள் கப்பல் ஏறிய துறைமுகம் நம்முடையது. 'கயிற்ஸ்' என்ற பெயரே துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். என்ன வந்தது, யார் கொண்டுவந்தார், எங்கே இறக்கினார் என்று எழுதாமல் ஒரு துறை நடக்காது. கணினிக்குள் அந்தப் பதிவேடு வர 1990 களின் நடுப்பகுதி ஆனது.

வள்ளத்தில் ஏறிய பட்டியல்

சிட்டை வந்தது, சிக்கல் தீரவில்லை. ஒரு பொதியை நிறுவப் போனால், "எனக்கு இன்னொன்று வேண்டும்" என்று அது நின்றுவிடும். அந்த இன்னொன்றைத் தேடி எடுத்தால், அதற்கு மேலும் மூன்று வேண்டும். மூன்றில் ஒன்று பழைய பதிப்பைக் கேட்கும். ஒரு சின்ன மென்பொருளுக்காக முழு நாளும் போகும்.

நெடுந்தீவில் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இந்தக் கஷ்டத்தைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் காஸ் அடுப்பு வாங்கி, குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றி, தீவில் இறக்கிய பிறகுதான் ரெகுலேற்றர் வாங்கவில்லை என்பது தெரியும். அடுத்த தரம் ரெகுலேற்றர் வரும், சிலிண்டருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மறதிக்கும் ஒரு கடல் பயணம். கெட்டிக்காரக் கடைக்காரர் என்ன செய்வார்? வள்ளம் ஏறுவதற்கு முன்பே, எது எதோடு சேர வேண்டும் என்று முழுப் பட்டியலையும் எழுதி முடிப்பார்.

அந்தக் கெட்டிக்காரக் கடைக்காரர்தான் 'ஆப்ட்'. டெபியன் குழுவினர் 1998 இல் அதை உருவாக்கினார்கள். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 இல் அது சேர்க்கப்பட்டது. 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' என்று தட்டி, பக்கத்தில் மென்பொருளின் பெயரைக் கொடுத்தால் போதும். (கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலியை மட்டும் தமிழில் எழுதுகிறோம்.) களஞ்சியத்தின் பட்டியலை அது பார்க்கும். தேவையான மற்றப் பொதிகளையும், அவற்றுக்குத் தேவையானவற்றையும் கணக்கிடும். "இத்தனை பொதிகள் வரப்போகின்றன, இவ்வளவு இடம் பிடிக்கும், சம்மதமா?" என்று கேட்கும். ஆம் என்றால் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் கொண்டுவந்து சரியான ஒழுங்கில் நிறுவும்.

அது கேட்கும் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். என்ன நடக்கப்போகிறது என்பதை முதலில் சொல்லி, நமது சம்மதத்தைப் பெற்ற பிறகே செய்கிறது. 2014 இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இன்னும் சுருக்கமாக 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டினாலே போதும்.

1996 இல் டெபியன் 1.1 வெளிவந்தபோது 474 பொதிகள் இருந்தன. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 69,830. உலகமெங்கும் பரந்திருக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பொதிகள் என்று பொறுப்பெடுத்து இதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

நாம் இல்லாத ஆண்டுகள்

இந்த வேலைகள் உலகில் நடந்தபோது நாம் எங்கே இருந்தோம்?

1990 இல் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் வீடுகளை விட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்துக்குப் போனார்கள். டெபியன் தொடங்கிய 1993 இல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது.

பழியைப் பற்றிப் பேச இதைச் சொல்லவில்லை. தமிழைக் கணினிக்குள் கொண்டுபோன வேலை ஏன் பெரும்பாலும் வெளியில் நடந்தது என்பதற்கு விளக்கம் இது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார், 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற மின்னூல் முயற்சியைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997 இல் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது.

நமக்கோ 'பாமினி' இருந்தது. இன்றும் நம்மூர்க் கல்யாண அழைப்பிதழ்களும் மரண அறிவித்தல்களும் பல அதில்தான் அச்சாகின்றன. அதில் உள்ள சிக்கல் எல்லோருக்கும் தெரியும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோவையைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் இடங்கள், மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ். ஒருங்குறி தமிழுக்குத் தனி இடம் கொடுத்த பிறகுதான் ஒருவர் எழுதிய தமிழ் எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் நிலை வந்தது.

தமிழும் ஒரு பொதியாக வந்தது

பொதி முறை தமிழுக்குச் செய்த உதவி இங்கேதான். ஒரு வர்த்தக நிறுவனம் ஒரு மொழியைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் அங்கே சந்தை இருக்கிறதா என்று பார்க்கும். டெபியன் போன்ற இடத்தில் யாராவது ஒருவர் செய்ய முன்வந்தால் போதும். தமிழ் எழுத்துருக்கள் ஒரு பொதி. லிப்ரே ஒபிஸின் தமிழ் இடைமுகம் ஒரு பொதி. தமிழ்ச் சொற்திருத்தி ஒரு பொதி. அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசரக்ட் கருவிக்குத் தேவையான தமிழ்த் தரவு இன்னொரு பொதி.

விசைப்பலகைகளைத் தரும் 'எம்17என்' தொகுப்பில் தமிழ் 99 இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது. இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. தட்டச்சுப் பழகிய நம் பெரியவர்கள் பழைய பழக்கத்திலேயே ஒருங்குறியில் எழுதலாம். யாரோ ஒருவர் இலங்கைத் தமிழரை நினைத்து அந்த ஒரு கோவையைச் சேர்த்திருக்கிறார். அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

இதே முறையில் வேறு சமூகங்களும் தங்களுக்கானதைச் செய்துகொண்டன. 2007 அளவில் 'உபுண்டு முஸ்லிம் பதிப்பு' என்ற ஒன்று வந்தது. பிறகு அதன் பெயர் 'ஸபீலி' ஆனது. குர்ஆன் வாசிக்க 'ஸிக்ர்', தொழுகை நேரம் அறிய 'மின்பர்' என்ற மென்பொருட்கள் அதில் சேர்ந்து வந்தன. 'உபுண்டு கிறிஸ்தவப் பதிப்பு' என்றும் ஒன்று இருந்தது. அடித்தளம் ஒன்று, மேலே சேர்க்கும் பொதிகள் வேறு. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்வரும் தீவில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெரியவர் ஒருவரை நினைக்க வேண்டும். 1913 ஓகஸ்ட் 2 அன்று கரம்பொன்னில் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். 1966 இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடி ஐரோப்பிய நூலகங்களில் அலைந்தவர் அவர். 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி நம் நாடுகளில் எங்கும் கிடைக்கவில்லை. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைப் படியெடுத்து 1966 இல் மறுபதிப்பாக வெளிக்கொண்டு வந்தார். யாரோ ஒருவர் அந்தப் பிரதியைப் பதிவு செய்து பத்திரமாக வைத்திருந்ததால்தான் முந்நூறு வருடம் கழித்து அது நமக்குக் கிடைத்தது.

டெபியன்காரர்களும் இதைச் செய்கிறார்கள். 2005 முதல் தங்கள் களஞ்சியத்துக்கு வந்த பொதிகளை, பழைய பதிப்புகள் உட்பட, திகதிவாரியாகச் சேமித்து வருகிறார்கள். கைவிடப்பட்டவையும் அங்கே இருக்கும். நம்மவர்கள் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளமும் இதே உணர்வில் ஈழத்து நூல்களைச் சேர்க்கிறது. அது இயங்குவதும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில்தான்.

இணையம் இல்லாத இடத்தில்

"இதெல்லாம் நல்ல இணையம் உள்ளவர்களுக்குத்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எழுவைதீவிலும் அனலைதீவிலும் இருப்பவர்கள் இன்னும் பலமாகக் கேட்கலாம்.

இந்த முறை வளர்ந்த காலத்தில் உலகின் பெரும்பகுதிக்கு நல்ல இணையம் இருக்கவில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே இறுவட்டிலும் களஞ்சியம் வந்தது. ஓர் இறுவட்டைக் காட்டி 'இதுவும் ஒரு களஞ்சியம்' என்று ஆப்டுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது. 2004 ஒக்டோபரில் உபுண்டு வந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாகத் தபாலில் இறுவட்டு அனுப்பினார்கள். 2011 வரை அது நடந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கு ஒவ்வொரு பொருளும் கப்பலிலும் விமானத்திலும் வந்த வருடங்களும் அதற்குள் அடங்கும்.

இந்தியரான ரித்தேஷ் ராஜ் சராப் 'ஆப்ட்-ஒஃப்லைன்' என்ற கருவியைச் செய்தார். இணையம் இல்லாத கணினி தனக்குத் தேவையான பொதிகளின் பட்டியலை ஒரு பென்டிரைவில் எழுதிக் கொடுக்கும். இணையம் உள்ள இடத்துக்கு அந்தப் பென்டிரைவைக் கொண்டுபோய், பட்டியலில் உள்ளவற்றை இறக்கி, திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால் நிறுவிக்கொள்ளும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் ஒரு பிள்ளையின் சட்டைப் பையில் ஓர் ஆய்வுகூடத்துக்கான மென்பொருள் போகலாம்.

அகற்றுவதும் ஒரு கல்வி

நிறுவுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எங்களுக்கு அகற்றுவதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஆப்டில் மூன்று சொற்கள் உண்டு. 'ரிமூவ்' என்றால் மென்பொருளை எடுக்கும், நீங்கள் செய்துவைத்த அமைப்புகளை விட்டுவைக்கும். நாளை திரும்ப நிறுவினால் பழையபடி கிடைக்கும். 'பேர்ஜ்' என்றால் கணினிக்கான அந்த அமைப்புக் கோவைகளையும் சேர்த்து எடுக்கும். 'ஓட்டோரிமூவ்' என்றால் வேறொன்றுக்குத் துணையாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாமல் இருப்பவற்றை எடுக்கும். நீங்கள் கேட்டு வந்தது எது, துணையாக வந்தது எது என்று பதிவேட்டில் வேறுபடுத்தி எழுதியிருப்பதால்தான் இது சாத்தியம். உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள கடிதங்களையும் படங்களையும் இந்த மூன்றும் தொடாது.

கவனமில்லாமல் அகற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் பாடம் உண்டு. 2016 மார்ச் 22 அன்று அசர் கோச்சுலு என்ற நிரலாளர், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, தன் பொதிகளை என்பிஎம் என்ற களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. வெறும் 11 வரி. ஆனால் பல மென்பொருட்கள் அதில் சாய்ந்திருந்தன. உலகெங்கும் வேலைகள் நின்றன. களஞ்சியக்காரர்கள் அதைத் திரும்ப வைக்க வேண்டி வந்தது. சின்னது என்று எதையும் நினைக்கக் கூடாது என்று அன்று விளங்கியது.

2021 இல் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 'பொப் ஓஎஸ்' என்ற லினக்ஸில் ஒரு விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். பொதியில் இருந்த பிழையால், அதை நிறுவ முழுத் திரைச்சூழலையும் அகற்ற வேண்டும் என்று ஆப்ட் கணக்கிட்டது. எதை எதை அகற்றப்போகிறேன் என்று எழுதிக் காட்டி எச்சரித்தது. தொடர வேண்டுமானால் "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தையே தட்டச் சொன்னது. அவர் தட்டினார், திரைச்சூழல் போனது. பொதியின் பிழை திருத்தப்பட்டது. அப்படி ஓர் அகற்றல் அவ்வளவு எளிதில் நடக்காதபடி ஆப்டையும் மாற்றினார்கள்.

பிள்ளைகளுக்கு இதில் ஒரு பழக்கம் இருக்கிறது. சம்மதம் கேட்கும் எந்தத் திரையையும் வாசிக்காமல் 'ஆம்' சொல்லாதீர்கள். தொலைபேசிச் செயலி கேட்டாலும் சரி, வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தி கேட்டாலும் சரி.

அமானிதம்

"யாரோ செய்த பொதியை எப்படி நம்புவது?" என்று ஒரு பெற்றோர் கேட்டால் அதற்கும் பதில் வேண்டும்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் நம்பிக்கைதான். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 முதல், களஞ்சியத்தின் பட்டியலில் மின் கையொப்பம் இருக்கிறதா என்று ஆப்ட் தானாகச் சரிபார்க்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கைரேகை போன்ற எண் இருக்கும். வழியில் யாராவது பொதியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் பொருந்தாது. நிறுவாமல் நின்றுவிடும்.

இருந்தாலும் மனிதர்கள் மனிதர்கள்தான். 'எக்ஸ்இஸட்' என்ற சுருக்கும் கருவியைப் பல வருடங்களாகப் பெரும்பாலும் தனியே பராமரித்தவர் லாஸே கொலின். அவருக்கு உதவுவதுபோல 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். ஏறக்குறைய இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு 2024 இல் இரண்டு பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். அன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய வழமையை விட அரைச் செக்கன் அதிகம் எடுக்கிறதே என்று துருவிப் போய், அதைக் கண்டுபிடித்து 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியனின் சோதனைப் பகுதிகளுக்குள் அந்தப் பொதி வந்திருந்தது. எல்லோரும் பாவிக்கும் நிலையான பதிப்புக்கு அது வரவில்லை. வந்த இடங்களிலும் உடனே பழைய பதிப்புக்குத் திருப்பினார்கள்.

இரண்டு விடயங்களை இதில் பார்க்கிறோம். தனியாக ஒருவர் தலையில் சுமையை வைத்துவிட்டு மற்றவர்கள் பாவித்துக்கொண்டே இருந்தால் அந்தக் களைப்பின் வழியாகத்தான் கள்ளன் வருவான். மற்றது, எல்லாம் திறந்து கிடந்ததால்தான் ஒருவர் துருவிப் பார்க்க முடிந்தது. தங்கள் மென்பொருளில் உள்ள குறைகளை மறைக்க மாட்டோம் என்று டெபியன்காரர்கள் 1997 இல் தங்கள் சமூக ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு, அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அப்படியே காத்துத் திருப்பிக் கொடுப்பது. பொதி பராமரிப்பவர் கையில் இருப்பது அமானிதம். ஒரு கூலியும் வாங்காமல் அதைக் காப்பவர்களில் பலர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தப் பண்பை அவர்களிடம் காண்கிறோம். அதே நேரம் உரிமம் உடைத்த மென்பொருளை நம் ஆய்வுகூடத்தில் ஏற்றிவிட்டு, பிறர் உரிமையை எடுக்காதே என்று வகுப்பில் சொன்னால் பிள்ளை எங்களை நிமிர்ந்து பார்க்கும்.

பாவிப்பவரிலிருந்து செய்பவருக்கு

இலங்கையர் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் சில நாட்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்ற பொருள். காணாமல் போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய அது உதவியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பாவிக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதையும் பெற்றது. இலவசமாகக் கிடைத்த அடித்தளப் பொதிகள் இல்லாவிட்டால் அத்தனை அவசரத்தில் அதைக் கட்டியிருக்க முடியாது.

பாடசாலை என்று வந்தால் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே அரசுப் பாடசாலைகளின் கணினிக் கல்வி பல வருடங்களாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஆசிரியர்களே சேர்ந்து, பாடத்துக்கு வேண்டிய பொதிகளைக் கோத்துத் தங்கள் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள்.

அதனால் உறவுகளே, எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து கணினி அனுப்புகிறவர்கள் தாராளமாக அனுப்புங்கள், விண்டோஸ் 11 ஏற்காது என்று ஒதுக்க வேண்டாம். மிகப் பழைய 32 பிட் கணினியாக இருந்தால் டெபியன் 13 இல் அதற்கு நிறுவி இல்லை, டெபியன் 12 போடலாம். பிள்ளைகளின் கோவைகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டுத்தான் எதையும் தொடங்குங்கள்.

ஒரு பாடசாலைக்கு ஒரு வன்தட்டில் களஞ்சியத்தின் பிரதி இருந்தால், இணையம் இல்லாத நாளிலும் வகுப்பு நடக்கும். கணினிக்கு அருகே ஒரு கொப்பியும் இருக்கட்டும். எந்தத் திகதியில் எதை நிறுவினோம், ஏன் நிறுவினோம், எதை அகற்றினோம் என்று பிள்ளையே தன் கையால் எழுதட்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு அதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

தமிழ் நன்றாகத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்தத் தீவில் பலர் இருக்கிறீர்கள். ஒரு பொதியின் விளக்கத்தைத் தமிழாக்க நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. நல்ல தமிழ் தெரிந்தால் போதும். இன்று தமிழில் கிடைப்பவை எல்லாம் யாரோ முகம் தெரியாதவர்கள் இரவில் கண்விழித்துச் செய்தவை. அடுத்த வரியை நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ கரம்பொன்னிலிருந்தோ ஒரு பிள்ளை எழுதட்டும். பராமரிப்பவர் என்ற இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் வரும் நாளுக்காக துஆ செய்கிறோம்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.